மேல் வளிமண்டலத்தின் அடர்த்தியை அளக்கும் சிறு செயற்கைக்கோள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் கியூப்சாட் (10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தை ஓர் அலகாகக் கொண்டு கட்டும் சிறு செயற்கைக்கோள்) கட்ட நினைக்கும் மாணவர்களும், "செயற்கைக்கோள் விழுந்தது" என்ற செய்தியைப் படித்துவிட்டு ஏன் விழுந்தது என்று யோசிப்பவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. சில பதில்கள் நீளமானவை. அளவிடும் முறைகளைப் பற்றிய பகுதியை மட்டும் தாண்டிப் போய்விட வேண்டாம். விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

400 கி.மீ. உயரத்தில் காற்று என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. தரை மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. ஒரு கன கிலோமீட்டர் என்றால் 12 லட்சம் டன். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில், அதே ஒரு கன கிலோமீட்டருக்குள் இருப்பது சில கிராம் காற்றுதான். சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளில் அரை கிராமை ஒட்டி இருக்கும். சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில் ஐந்து கிராமையும் தாண்டும். ஒரே இடம், ஒரே உயரம், ஆனால் பத்து மடங்கு வேறுபாடு. இந்த வேறுபாடுதான் நம் கேள்விகள் அத்தனைக்கும் மூலம்.

இந்தப் பகுதிக்கு வெப்ப அடுக்கு என்று பெயர். சுமார் 90 கி.மீ. உயரத்தில் தொடங்கி, சூரியனின் நிலையைப் பொறுத்து 500 கி.மீ. அல்லது அதற்கும் மேல் வரை நீள்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றின் கலவை அங்கே கிடையாது. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உடைத்துவிடுவதால், 200 கி.மீ.க்கு மேலே தனித்தனி ஆக்சிஜன் அணுக்களே பெரும்பான்மை. இன்னும் மேலே போனால் ஹீலியம் தலைதூக்கும். வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸிலிருந்து 1000 டிகிரிக்கு மேல் வரை ஏறி இறங்கும். ஆனால் அணுக்கள் அவ்வளவு அரிதாக இருப்பதால் அங்கே ஒரு பொருளைச் சுட வைக்க அந்தச் சூட்டால் முடியாது.

இவ்வளவு மெல்லிய காற்று ஒரு செயற்கைக்கோளை என்ன செய்துவிடும்?

வேகத்தைக் கணக்கில் எடுங்கள். அந்த உயரத்தில் செயற்கைக்கோள் நொடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. 10 × 10 × 30 செ.மீ. அளவும் 4 கிலோ நிறையும் கொண்ட ஒரு கியூப்சாட், தன் நீளப் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கன கிலோமீட்டருக்கு மூன்று கிராம் என்ற நடுத்தர அடர்த்தியில், ஒரு முழு நாளில் அது மோதித் தள்ளும் காற்றின் நிறை வெறும் 60 மில்லிகிராம். அதன் மேல் விழும் விசை ஒரு நியூட்டனில் பத்து லட்சத்தில் ஆறு பங்கு. கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும். ஆனால் அந்த விசை இரவு பகலாக ஓயாமல் செயல்படுகிறது. அதனால் அந்தக் கியூப்சாட்டின் சுற்றுப்பாதை நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 மீட்டர் இறங்கும். கீழே போகப்போகக் காற்று அடர்ந்துகொண்டே வரும், இறக்கம் வேகமெடுக்கும், கடைசிச் சில நாட்களில் பாதை மொத்தமாகச் சரிந்து, கோள் எரிந்து போகும்.

இதில் மாணவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. காற்று தடுத்தால் வேகம் குறைய வேண்டும். ஆனால் சுற்றுப்பாதை தாழ்ந்தால் செயற்கைக்கோளின் வேகம் கூடுகிறது. காற்று பறிப்பது மொத்த ஆற்றலை. பாதை இறங்கும்போது இழக்கும் நிலை ஆற்றலில் ஒரு பாதி காற்றுக்குப் போகிறது. மறுபாதி இயக்க ஆற்றலாகிக் கோளின் வேகத்தைக் கூட்டுகிறது. எனவே காற்றிழுவைக்கு ஆளான கோள், கணித்த நேரத்துக்கு முன்பே வந்து சேரும். அது எவ்வளவு முந்தி வருகிறது என்பதை அளந்தால், வழியில் எவ்வளவு காற்று இருந்தது என்று தெரிந்துவிடும்.

அந்த அடர்த்தியைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

2022 பிப்ரவரி 3 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஏவியது. முதலில் 210 கி.மீ. அளவிலான தாழ்ந்த பாதையில் விட்டு, சோதித்துப் பார்த்து, பிறகு மேலே ஏற்றுவது அவர்களின் வழக்கம். மறுநாள் ஒரு புவிக்காந்தப் புயல் வந்தது; சூரியக் காற்று பூமியின் காந்தப் புலத்தை உலுக்குவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். பெரிய புயல்கூட இல்லை. ஆனால் முந்தைய ஏவுதல்களைவிடக் காற்றிழுவை 50 சதவீதம் வரை கூடிவிட்டதாக நிறுவனமே சொன்னது. கோள்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படித் திருப்பிப் பார்த்தார்கள். பலன் இல்லை; 38 கோள்கள் எரிந்து போயின.

1979-ல் நாசாவின் விண்வெளி நிலையமான ஸ்கைலேப் விழுந்த கதையும் இதே வகைதான். விண்வெளி ஓடம் தயாராகும் வரை அது மேலேயே இருக்கும், ஓடம் போய் அதை உயர்த்திவிடும் என்று நாசா எதிர்பார்த்தது. சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சி எதிர்பார்த்ததைவிடத் தீவிரமாக வந்தது. மேல் வளிமண்டலம் உப்பியது. ஜூலை 11 அன்று நிலையத்தின் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் சிதறின.

விழுவதைவிட இன்று பெரிய கவலை மோதல். தாழ்ந்த பாதைகளில் ஆயிரக்கணக்கான கோள்களும், கண்காணிக்கப்படும் குப்பைத் துண்டுகளும் சுற்றுகின்றன. இரண்டு பொருள்கள் மூன்று நாட்களுக்குப் பிறகு எவ்வளவு நெருங்கும் என்று கணிக்க வேண்டும். சுமார் 500 கி.மீ.க்குக் கீழே அந்தக் கணிப்பில் வரும் பிழையில் மிகப் பெரும் பங்கு காற்றின் அடர்த்தி சரியாகத் தெரியாததிலிருந்து வருகிறது. புவியீர்ப்பைத் துல்லியமாக வரைந்துவிட்டோம். நிலவின் ஈர்ப்பையும் சூரியனின் ஈர்ப்பையும் கணக்கிட்டுவிடுவோம். காற்று மட்டும் இன்னும் கைக்குள் வரவில்லை. நாம் கோள்களை அனுப்பிக் குவிக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால், அவை நீந்தும் காற்றை அளப்பதற்குச் செய்யும் செலவு மிகவும் குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

இதை முதலில் அளந்தது யார்?

முதல் செயற்கைக்கோளே முதல் அளவுகோலும் ஆனது. 1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட ஸ்புட்னிக்-1, மூன்றே மாதத்தில், 1958 ஜனவரி 4 அன்று விழுந்தது. அதன் பாதை சுருங்கிய வேகத்தை வைத்து, 200 கி.மீ.க்கு மேலே உள்ள காற்று முன்பு கணித்து வைத்திருந்ததைவிடப் பல மடங்கு அடர்த்தியானது என்று கண்டுகொண்டார்கள். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் டெஸ்மண்ட் கிங்-ஹீலியும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தில் லூயிஜி ஜாக்கியாவும் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்கள். சூரியன் தன்னைத்தானே சுற்றும் 27 நாள் தாளம் காற்றிழுவையிலும் தெரிகிறது, புவிக்காந்தப் புயலின்போது இழுவை எகிறுகிறது என்பதையெல்லாம் ஜாக்கியா 1959 வாக்கிலேயே சொல்லிவிட்டார். கணினி இன்று செய்யும் வேலையின் பெரும்பகுதியை அவர்கள் தாளில் செய்தார்கள்.

1961 பிப்ரவரியில் நாசா அனுப்பிய எக்ஸ்ப்ளோரர்-9, இதற்கென்றே செய்யப்பட்ட கோள்: 3.66 மீட்டர் விட்டமுள்ள பலூன். பரப்பு மிகப் பெரிது, எடை மிகக் குறைவு; அதனால் மெல்லிய காற்றுக்கும் நன்றாக இழுபடும். அதே வகைப் பலூன்கள் அந்தப் பத்தாண்டு முழுதும் மேலே போயின.

சரி, அடர்த்தியை எப்படித்தான் அளக்கிறார்கள்?

நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன. நான்கும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

முதல் வழி, தரையிலிருந்து பாதையைக் கண்காணிப்பது. ரேடார்கள் ஒவ்வொரு கோளையும் பின்தொடர்ந்து, அதன் பாதையை இரண்டு வரி எண்களாகச் சுருக்கி வெளியிடுகின்றன. டி.எல்.இ. என்று துறையில் சொல்வார்கள். பாதை சுருங்கும் வேகத்திலிருந்து அடர்த்தியைப் பிரித்தெடுக்கலாம். செலவே இல்லாத முறை. அறுபதாண்டுத் தொடர் பதிவு உள்ள ஒரே முறையும் இதுதான். குறை என்னவென்றால், ஒரு நாள் அல்லது அதற்கும் மேலான சராசரிதான் கிடைக்கும். துருவத்தருகே காற்று பொங்கியதா, நடுக்கோட்டருகே பொங்கியதா என்று சொல்லாது.

இரண்டாவது, முடுக்கமானி. கோளின் நிறை மையத்தில் ஒரு சிறு கட்டியை மின்விசையால் மிதக்கவிட்டு, அது அசையாமல் இருக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளப்பார்கள். புவியீர்ப்பு கோளையும் கட்டியையும் ஒன்றாக இழுப்பதால் அது இந்த அளவில் வராது. காற்றும் சூரிய ஒளியின் அழுத்தமும் கோளின் உடலை மட்டும் தள்ளும், அதுதான் பதிவாகும். 2000-ல் ஏவப்பட்ட ஜெர்மனியின் சாம்ப், 2002-ல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைக் கோள்கள் இப்படித்தான் நொடிக்கணக்கில் அடர்த்தியை எழுதித் தந்தன. இரண்டுமே முதன்மையாகப் புவியீர்ப்பை ஆராயப் போனவை. அவற்றுக்குக் காற்றிழுவை கழித்துவிட வேண்டிய தொல்லை; நம் துறைக்கு அதுவே புதையல். இன்று நாம் மேல் வளிமண்டலத்தைப் பற்றி அறிந்ததில் பெரும்பகுதி அந்த மிச்சத்திலிருந்து எடுத்தது.

மூன்றாவது, ஜிபிஎஸ். கோளிலேயே நல்ல ஜிபிஎஸ் அலைவாங்கி பொருத்தியிருந்தால், பாதையைச் சென்டிமீட்டர் அளவுத் துல்லியத்தில் மீட்டெடுக்கலாம். ஈர்ப்பு விசைகளைக் கழித்தபின் மிஞ்சும் இழப்பு காற்றின் கணக்கு. சிறு செயற்கைக்கோள்களுக்கு இதுவே இயல்பான வழி என்று நினைக்கிறேன். ஐரோப்பாவின் ஸ்வார்ம் கோள்கள் இதற்கு நல்ல சான்று. 2013-ல் போன அந்த மூன்று கோள்களிலும் அருமையான முடுக்கமானிகள் இருந்தன. ஆனால் வெப்ப மாற்றத்தால் அவற்றின் அளவுகள் கலங்கிப்போயின. கடைசியில் மூன்று கோள்களுக்கும் அடர்த்தித் தரவை ஜிபிஎஸ் பதிவுகளிலிருந்தே எடுத்தார்கள். அவ்வளவு பெரிய திட்டத்துக்குக் கைகொடுத்த முறை, ஒரு கியூப்சாட்டிலும் பொருந்தும் சிறு பலகையில் அடங்கிவிடுகிறது.

நான்காவது, நேரடியாகக் காற்றை உள்ளே வாங்கி எண்ணுவது. நிறை நிறமாலைமானி, உள்ளே வரும் அணு ஆக்சிஜனா, ஹீலியமா, நைட்ரஜனா என்று நிறையைக் கொண்டு பிரித்து எண்ணும். மற்ற மூன்று முறைகளும் மொத்த அடர்த்தியை மட்டும் தரும். கலவையைத் தருவது இது ஒன்றே. நாசாவின் கோடார்ட் மையம் கட்டிய டெலிங்கர் என்ற ஆறு அலகுக் கியூப்சாட், 2017-ல் இப்படியொரு கருவியைச் சுமந்து சென்றது.

பெரிய செயற்கைக்கோள் போதாதா? சிறியது எதற்கு?

200 முதல் 400 கி.மீ. வரையிலான பகுதிக்குப் பெரிய கோளை அனுப்ப யாருக்கும் மனம் வராது. புவியீர்ப்பை அளக்கப் போன ஐரோப்பாவின் கோசே என்ற கோள் அங்கே, 224 கி.மீ. வரை இறங்கி ஓடியது. ஆனால் அயனி உந்துபொறி இடைவிடாமல் இழுவையை ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 2013-ல் எரிபொருள் தீர்ந்த சில வாரங்களில் விழுந்துவிட்டது. பல நூறு கோடி செலவில் கட்டியதைச் சில மாதங்களில் எரிய விடுவது கடினமான முடிவு. கியூப்சாட்டுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. அது விழுந்துகொண்டே அளக்கும், 400 கி.மீ.யில் தொடங்கி 200 கி.மீ. வரை ஒவ்வொரு உயரத்தையும் தன் கடைசிப் பயணத்திலேயே வெட்டிக் காட்டிவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரு கோள் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கும். அடர்த்தி கூடியது என்று அது சொன்னால், இடம் மாறியதால் கூடியதா, நேரம் மாறியதால் கூடியதா என்று பிரித்தறிய முடியாது. பல கோள்கள் ஒரே பாதையில் சில நிமிட இடைவெளியில் போனால் பிரிக்கலாம். பல கோள்கள் வேண்டுமென்றால் அவை மலிவாக இருக்க வேண்டும்.

இதற்கென்றே கட்டாத கோள்களும் உதவுகின்றன. வானிலைத் தகவலுக்காக ஸ்பையர் நிறுவனம் இயக்கும் கியூப்சாட்களின் ஜிபிஎஸ் பதிவுகளிலிருந்து அடர்த்தியைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். பிளானெட் நிறுவனம் தன் டவ் கோள்களைத் திருப்பி, காற்றுக்குக் காட்டும் பரப்பைக் கூட்டியும் குறைத்தும் ஒன்றையொன்று விலகி நிற்கவைக்கிறது. எரிபொருளே இல்லாமல், இழுவையை மட்டும் கொண்டு செய்யும் ஓட்டுதல் அது. சூறாவளிக் காற்றை ஆராயும் நாசாவின் எட்டு சிக்னஸ் கோள்களும் அதே உத்தியைத்தான் பயன்படுத்தின.

சில கோள்களை ஏன் உருண்டையாகச் செய்கிறார்கள்?

பெட்டி வடிவக் கோள் உருளும்போது காற்றுக்குக் காட்டும் பரப்பு மாறிக்கொண்டே இருக்கும். இழுவை கூடியது காற்றாலா, கோள் திரும்பியதாலா என்ற சந்தேகம் தீராது. உருண்டைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பரப்பு.

அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் 2009 ஜூலையில் எண்டெவர் ஓடத்திலிருந்து காஸ்டர், பொலக்ஸ் என்ற இரண்டு உருண்டைகளை விட்டது. இரண்டும் ஒரே அளவு, சுமார் 48 செ.மீ. விட்டம். ஆனால் காஸ்டரின் எடை பொலக்ஸைப் போல ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு. மேற்பரப்பில் லேசர் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு கண்ணாடிகள். தரை நிலையங்கள் லேசரைப் பாய்ச்சித் தூரத்தை அளந்தன. இலேசானது முந்தி இறங்கி 2010 மார்ச்சில் விழுந்தது; கனமானது ஆகஸ்ட் வரை தாக்குப்பிடித்தது. இடையில் இரண்டும் விலகிக்கொண்டே போனதால், வெவ்வேறு இடத்திலும் உயரத்திலும் இருந்த காற்றை ஒப்பிட முடிந்தது. இவ்வளவு எளிமையான யோசனை இவ்வளவு தெளிவான விடையைத் தருவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய டேண்டி என்ற உருண்டை, 2013 செப்டம்பரில் ஃபால்கன்-9 ராக்கெட்டில் போனது. அதற்குள் முடுக்கமானியும், காற்றோட்டத்தையும் கலவையையும் அளக்கும் கருவியும் இருந்தன.

கியூபி-50 திட்டம் வெற்றியா, தோல்வியா?

இரண்டில் ஒன்றாகச் சொல்ல நான் விரும்பவில்லை. பெல்ஜியத்தின் வான் கார்மன் நிறுவனம் வழிநடத்த, பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு கியூப்சாட் கட்டி, ஐம்பது கோள்களை ஒரு கூட்டமாக வெப்ப அடுக்குக்கு அனுப்புவது எண்ணம். 2017-ல் 36 கோள்கள் போயின. 28 விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டன. எட்டு, ஜூன் 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி38 ராக்கெட்டில் ஏறின. கன்னியாகுமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட்டும் அதே ராக்கெட்டில்தான் போனது. அது பூமியைப் படமெடுக்கப் போன வேறு வேலைக் கோள்.

கியூபி-50 கோள்கள் மூன்று வகைக் கருவிகளில் ஒன்றைச் சுமந்தன: லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நிறை நிறமாலைமானி, டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆக்சிஜன் உணரி, ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஊசி வடிவ மின்முனைகள். பல கோள்கள் மேலே போனபின் பேசவேயில்லை. பேசியவற்றிலும் தொடர்ச்சியான அறிவியல் தரவு தந்தவை குறைவு. அறிவியல் கணக்கில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பல நாடுகளில் ஒரு தலைமுறை மாணவர்கள் கோள் கட்டவும், அலைவரிசை அனுமதி வாங்கவும், தரை நிலையம் நடத்தவும் கற்றுக்கொண்டார்கள். அடுத்து வந்த பல கோள்களில் அவர்கள் கைவண்ணம் இருக்கிறது.

இழுவைக் குணகம் என்பதை ஏன் இவ்வளவு பெரிய சிக்கலாகப் பேசுகிறார்கள்?

அளக்கக் கிடைப்பது இழுவை. அதை அடர்த்தியாக மாற்ற, கோளின் பரப்பும் நிறையும் இழுவைக் குணகமும் தெரிய வேண்டும். பரப்பையும் நிறையையும் அளந்துவிடலாம். ஒரு கோளைக் காற்று எவ்வளவு பலமாகப் பிடித்திழுக்கிறது என்று சொல்லும் எண்ணான குணகம்தான் இடிக்கிறது. வழக்கமாக 2.2 என்று போட்டுவிடுவார்கள். அது பழக்கத்தில் வந்த எண்.

அந்த உயரத்தில் ஓர் அணு இன்னோர் அணுவில் மோதாமல் பல கிலோமீட்டர் போகும். எனவே விமானத்தைச் சுற்றி வழியும் காற்றோட்டம் போன்ற எதுவும் அங்கே கிடையாது. ஒவ்வோர் அணுவும் தனியாக வந்து முட்டி, தனியாகத் தெறிக்கிறது. வந்த வேகத்திலேயே தெறிக்கிறதா, பரப்பில் ஒட்டிச் சூடேறி மெல்ல விலகுகிறதா என்பதைப் பொறுத்துக் குணகம் மாறும். பரப்பில் ஏற்கெனவே ஆக்சிஜன் அணுக்கள் படிந்திருந்தால் அது இன்னொரு விதம். குணகத்தில் பத்து சதவீதம் தவறினால் அடர்த்தியிலும் பத்து சதவீதம் தவறும். 2021-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் விண்வெளி நிலையத்திலிருந்து விட்ட சோர் என்ற மூன்று அலகுக் கியூப்சாட் இதை ஆராயவே போனது. அதில் வெவ்வேறு பொருள் பூசிய, திருப்பக்கூடிய துடுப்புகள் இருந்தன. எந்தப் பூச்சில் அணு எப்படித் தெறிக்கிறது என்று காற்றிலேயே பார்ப்பது நோக்கம். பலரும் கவனிக்காமல் விடும் வேலை இது. இதைத் தீர்க்காமல் மற்றெந்த அளவீட்டையும் முழுதாக நம்ப முடியாது.

சூரியனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சூரியனின் அதி புற ஊதாக் கதிர்களையும் எக்ஸ் கதிர்களையும் உறிஞ்சுவது வெப்ப அடுக்குதான். சூடானால் அது அடுப்பில் பால் பொங்குவதுபோல மேலே எழும்பும். கீழே இருந்த அடர்ந்த காற்று 400 கி.மீ.க்கு ஏறி வரும். சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சி, 27 நாள் சுழற்சி, பகல் இரவு ஆகிய மூன்றும் இதில் பதிகின்றன. பகலில் அடர்த்தி உச்சத்தைத் தொடுவது நண்பகலில் இல்லை, பிற்பகல் இரண்டு மணி வாக்கில். இன்னொரு தாளமும் உண்டு: ஏப்ரல், அக்டோபர் வாக்கில் அடர்த்தி கூடும், ஜூலையில் குறையும்.

அந்தக் கதிர்கள் தரைக்கு வருவதில்லை என்பதால், 10.7 செ.மீ. அலைநீளத்தில் சூரியன் அனுப்பும் வானொலி அலையை அளந்து அதையே அடையாளமாகக் கொள்கிறார்கள். கனடாவில் 1947-லிருந்து நாள்தோறும் இதை அளந்துவருகிறார்கள்.

புயல்கள் வேறு விதம். சூரியக் காற்று புவிக்காந்தப் புலத்தை உலுக்கும்போது, துருவப் பகுதிகளில் பெரும் மின்னோட்டங்கள் பாய்ந்து காற்றைச் சுட வைக்கின்றன. அந்தச் சூடு சில மணி நேரத்தில் நடுக்கோட்டை எட்டிவிடும். 2024 மே 10, 11 தேதிகளில் வந்த புயல் இருபது ஆண்டுகளில் மிகப் பெரியது. தாழ்ந்த பாதையில் அடர்த்தி சில மடங்காகி, ஆயிரக்கணக்கான கோள்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தங்கள் பாதையைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. லடாக்கின் ஹான்லேயில் துருவ ஒளியால் வானம் சிவந்ததும் அதே இரவுகளில்தான்.

புயல் ஓய்ந்தபின் நடப்பதும் கவனிக்கத்தக்கது. புயலில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு, சூட்டை அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்கு வீசி எறிகிறது. சில சமயம் அது அளவுக்கு மீறிக் குளிர்வித்துவிடும். புயலுக்கு முன்பிருந்ததைவிட அடர்த்தி குறைந்துவிடும்.

பூமி வெப்பமாகும்போது மேல் வளிமண்டலம் சுருங்குகிறதாமே?

ஆம். தரையருகே வெப்பத்தைப் பிடித்துவைக்கும் அதே கார்பன் டை ஆக்சைடு, மேலே வெப்பத்தை விண்வெளிக்குக் கடத்திவிடுகிறது. அங்கே காற்று அவ்வளவு மெல்லியது என்பதால் வெளியேறும் கதிரைத் திரும்பப் பிடிக்க ஆளில்லை. ரோபிளும் டிக்கின்சனும் 1989-லேயே இதைக் கணித்தார்கள். பழைய கோள்களின் பாதைப் பதிவுகளைத் தோண்டியெடுத்தபோது, 400 கி.மீ. உயரத்தில் அடர்த்தி பத்தாண்டுக்குச் சில சதவீதம் குறைந்துவருவது தெரிந்தது. 2008-ஐ ஒட்டிய சூரிய அமைதிக் காலத்தில் அது அதற்கு முந்தைய பதிவுகள் அனைத்தையும்விடத் தாழ்ந்தது.

செயற்கைக்கோள் நடத்துபவருக்கு இது முதலில் நல்ல செய்தியாகப் படும். ஆனால் உடைந்த துண்டுகளைக் கீழே இழுத்து எரிக்கும் ஒரே துப்புரவாளர் இந்தக் காற்று. அது மெலிந்தால் குப்பை கூடுதல் ஆண்டுகள் மேலேயே சுற்றும்.

கணினி மாதிரிகள் இருக்கின்றனவே, அவை போதாதா?

எம்சிஸ், ஜாக்கியா-போமன், பிரான்சின் டிடிஎம் ஆகிய அடர்த்தி மாதிரிகள் பரவலாகப் பயன்படுகின்றன. அமைதியான நாட்களிலேயே பத்து முதல் இருபது சதவீதப் பிழை சாதாரணம். புயல் நாட்களில் பிழை அதைவிட எவ்வளவோ பெரிதாகும். இவை பழைய அளவீடுகளின் மேல் கட்டப்பட்டவை; அளவீடு இல்லாத உயரத்திலும் நேரத்திலும் அவை சொல்வது ஊகம்.

இந்தியாவில், தமிழகத்தில் இதற்கு என்ன தொடர்பு?

இந்தியாவின் விண்வெளிப் பயணமே மேல் வளிமண்டல ஆய்வில்தான் தொடங்கியது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து எழுந்த முதல் ராக்கெட், வானில் சோடியம் ஆவியைத் தூவி, அந்த மேகம் நகர்வதைக் கொண்டு மேலே வீசும் காற்றை அளக்கப் போனது. தும்பாவைத் தேர்ந்ததற்குக் காரணம் காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப் புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு) அதை ஒட்டிப் போவது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் அதே காரணத்தால்தான்.

பகல் வேளையில் காந்த நடுக்கோட்டின் மேல் அடர்த்தி சற்றுக் குறைந்தும், அதற்கு வடக்கிலும் தெற்கிலும் கூடியும் இருப்பதை சாம்ப் தெளிவாகக் காட்டியது. அந்தப் பள்ளம் தென்தமிழகத்துக்கு மேலேயே ஓடுகிறது. கியூப்சாட் கட்டும் நம் கல்லூரிகள் கையில் எடுக்க இதைவிடப் பொருத்தமான ஆய்வுப் பொருள் எனக்குத் தோன்றவில்லை. இதுவரை பெரும்பாலும் படமெடுப்பதையும் செய்தி அனுப்புவதையுமே இலக்காக வைத்திருக்கிறோம்.

கோள் கட்டாமலே மாணவர்கள் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், இன்றைக்கே. டி.எல்.இ. தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நாளொன்றுக்கு எத்தனை சுற்று என்ற எண் இருக்கும். 400 கி.மீ. உயரத்தில் அது 15.5 அளவு. பாதை நாளுக்கு 200 மீட்டர் இறங்கினால் அந்த எண் நாளுக்கு 0.0007 அளவு கூடும். ஓர் ஆண்டுத் தரவை எடுத்து வரைபடம் போடுங்கள், பக்கத்திலேயே 10.7 செ.மீ. சூரிய அளவையும் போடுங்கள். 27 நாள் ஏற்ற இறக்கம் இரண்டிலும் ஒன்றாகத் தெரியும். 2024 மே மாதத்தைச் சேர்த்தால் புயல் வந்த நாள் தனியே துருத்திக்கொண்டு நிற்கும்.

கோளைத் தேர்வதில் கவனம் வேண்டும். உந்துபொறி உள்ளதை எடுத்தால் கணக்கு கெடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட்டும் இஸ்ரோவின் ரிசாட்-2-ம் 2009 ஏப்ரல் 20 அன்று ஒரே பி.எஸ்.எல்.வி.யில் போனவை. அனுசாட் 2012-ல் விழுந்தது. ரிசாட்-2 2022 அக்டோபர் வரை இருந்தது, காரணம் அதனிடம் பாதையைத் தூக்கிப் பிடிக்க எரிபொருள் இருந்தது. எனவே காற்றைப் படிக்க அனுசாட்டின் பதிவே ஏற்றது. 40 கிலோ எடை, உந்துபொறி கிடையாது, சூரியன் ஆழ்ந்த அமைதியிலிருந்து எழுந்துவந்த மூன்று ஆண்டுகள் முழுதும் அதன் இறக்கத்தில் பதிந்திருக்கின்றன. அமைதியான ஆண்டில் எவ்வளவு இறங்கியது, கடைசி ஆண்டில் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து, உயரம் குறைந்ததால் கூடியது எவ்வளவு, சூரியனால் கூடியது எவ்வளவு என்று ஒரு மாதிரியின் உதவியோடு கழித்துப் பாருங்கள்.